வேலை, விளையாட்டு, வாழ்க்கையில் ஒரு பிடிப்பு: மூன்றையும் எப்படிச் சேர்த்துக் கொண்டுபோகிறீர்கள்?

இரவல்நேரம் எழுதியது:

எனக்கு வேலையில் பிரச்சினை இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருக்கிறேன், மாலையில் நேரத்துக்குக் கிளம்பிவிடலாம், விடுமுறை நாளில் யாரும் தொந்தரவு செய்வதில்லை, மேலதிகாரி நல்ல மனிதர். வீட்டிலும் குறையில்லை. உடம்பு நன்றாக இருக்கிறது, தூக்கம் வருகிறது. ஆனால் கொஞ்ச காலமாக ஒரு கேள்வி விடாமல் துரத்துகிறது: இதெல்லாம் எதற்கு? கொடுத்த வேலையை முடித்துவிட்டு வீட்டுக்கு வந்து கைபேசியை எடுத்தால் படுக்கிற வரைக்கும் அதுதான், என்ன பார்த்தாய் என்று கேட்டால் ஒன்றும் நினைவில் நிற்பதில்லை. எங்காவது ஊர் சுற்றிவிட்டு வந்தால் ஒரு வாரம் தெம்பாக இருக்கிறது, அப்புறம் பழைய குருடி கதவைத் திறடி.

வேலைக்கும் வாழ்க்கைக்கும் சமநிலை வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். மணிக்கணக்கைப் பார்த்தால் என் சமநிலையில் குற்றம் சொல்ல முடியாது. பிடிப்புதான் இல்லை. 'பிடித்ததையே வேலையாக்கிக்கொள்' என்கிறார் ஒரு நண்பர். 'வேலையை வேலையாகப் பார், பிடிப்பை வெளியே தேடு' என்கிறார் இன்னொருவர். இரண்டையும் செய்து பார்த்தவர்கள் இங்கே இருப்பீர்கள். பொதுவான அறிவுரை வேண்டாம். உங்கள் நாள் எப்படிப் போகிறது, எதில் மனசு நிற்கிறது என்று எழுதுங்கள்.


வரைகோடு எழுதியது:

உங்கள் முதல் நண்பர் சொன்ன வழியில் போனவள் நான். சின்ன வயதிலிருந்தே வரைவேன், இப்போது அதுதான் தொழில், புத்தகங்களுக்கும் விளம்பரங்களுக்கும் படம் வரைந்து கொடுக்கிறேன். வருமானம் வருகிறது, வேலையை வெறுக்கவும் இல்லை. ஆனால் ஒரு தாளை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்து சும்மா எதையாவது வரைகிற பழக்கம் அப்படியே நின்றுபோனது. பென்சிலைத் தொட்டாலே இது யாருக்கு, எப்போது கொடுக்கவேண்டும், எத்தனை திருத்தம் சொல்வார்கள் என்று மூளை ஓட ஆரம்பித்துவிடுகிறது.

1973-இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகிய மூன்று பேர் மழலையர் பள்ளிக் குழந்தைகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஸ்கெட்ச் பேனா கிடைத்தால் தானாகவே வரைய உட்காரும் குழந்தைகளாகப் பார்த்து எடுத்து, ஒரு குழுவிடம் 'நீ வரைந்தால் உனக்குச் சான்றிதழ்' என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். இன்னொரு குழுவுக்கு எதுவும் சொல்லாமல் வரைந்து முடித்த பிறகு அதே சான்றிதழைக் கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு ஒன்றுமே கிடையாது. கொஞ்ச நாள் கழித்து வகுப்பில் பேனாக்களை வைத்துவிட்டு ஒதுங்கி நின்று பார்த்தபோது, பரிசுக்காக வரைந்த குழந்தைகள் மற்ற இரண்டு குழுக்களையும் விடக் குறைவாகத்தான் பேனாவைத் தொட்டார்கள். பரிசு கிடைத்ததால் ஆசை குறையவில்லை, அதைக் கவனியுங்கள். எதிர்பாராமல் பரிசு கிடைத்தவர்கள் பழையபடிதான் வரைந்தார்கள். 'இதைச் செய்தால் அது கிடைக்கும்' என்ற பேரம்தான் ஆசையைத் தின்றுவிட்டது.

அதனால் 'பிடித்ததையே வேலையாக்கிக்கொள்' என்று யாராவது சொன்னால், பிடித்தவை இரண்டு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள் என்பேன். ஒன்றைத் தொழிலுக்குக் கொடுக்கலாம், இன்னொன்றை யாருக்கும் கொடுக்கக் கூடாது. எனக்கு அந்த இரண்டாவது இப்போது களிமண். கோணல்மாணலாகத்தான் வருகிறது, விற்கச் சொல்லி யார் கேட்டாலும் விற்க மாட்டேன்.


இருவேலை எழுதியது:

எல்லோரும் நல்லபடியாகத்தான் எழுதுகிறீர்கள், கோபமாகச் சொல்வதாக நினைக்க வேண்டாம். ஆனால் 'சாயங்காலம் கிடைத்த நேரத்தை என்ன செய்வது' என்பது நேரம் இருப்பவர்களின் கேள்வி. நான் காலையில் ஒரு வேலை, மாலையில் ஒரு வேலை பார்க்கிறேன், நடுவில் இரண்டு குழந்தைகள். விளையாட்டு, பிடிப்பு என்று பேசுவதற்கு முன்னால் மணி நேரத்தைப் பற்றிப் பேசியாகவேண்டும்.

'எட்டு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் பொழுதுபோக்கு, எட்டு மணி நேரம் ஓய்வு' என்ற முழக்கம் ராபர்ட் ஓவன் காலத்தது, 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கம். 1886 மே மாதம் சிகாகோவில் அதற்காக வேலைநிறுத்தம் செய்து உயிரையே கொடுத்தார்கள். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1919-இல் போட்ட முதல் உடன்படிக்கையே தொழிற்சாலைகளில் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்பதுதான். அந்த நடு எட்டு மணி நேரம் சும்மா வந்ததில்லை, போராடி வாங்கியது. அது இன்னும் எத்தனையோ பேருக்குக் கைக்கு வந்து சேரவில்லை.

உடம்புக்கு என்ன ஆகிறது என்பதும் தெரிந்ததுதான். உலக சுகாதார அமைப்பும் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021-இல் வெளியிட்ட கணக்குப்படி, வாரம் 35 முதல் 40 மணி வரை வேலை செய்பவர்களோடு ஒப்பிட்டால் 55 மணியும் அதற்கு மேலும் உழைப்பவர்களுக்குப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் கூடுதல், இதய நோயால் சாகும் ஆபத்து 17 சதவீதம் கூடுதல். நீண்ட நேர வேலையால் வந்த இந்த இரண்டிலும் 2016-இல் மட்டும் சுமார் 7,45,000 பேர் இறந்தார்கள். இப்படி இருக்கும்போது 'உன் மனதில் என்ன ஆசை என்று தேடு' என்று களைத்துப்போனவரிடம் சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை.


இரவல்நேரம் எழுதியது:

அக்கா, நீங்கள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். நேரம் என்பது அடித்தளம், அது இல்லாதவர்களுக்கு முதலில் அது கிடைக்கவேண்டும். ஆனால் அது கிடைத்த பிறகும் எனக்கு ஏன் ஒன்றும் நடக்கவில்லை? இத்தனை பேர் போராடி வாங்கிய நடு எட்டு மணி நேரத்தை நான் கைபேசியில் கரைக்கிறேன் என்று நினைக்கும்போது இந்தக் கேள்வி இன்னும் கனமாகத்தான் ஆகிறது.


கடைசல்காரர் எழுதியது:

நான் ஓய்வு பெற்றவன், தம்பி. வாழ்நாள் முழுக்க லேத்தில், அதாவது உலோகத்தைச் சுழலவிட்டுக் கடைகிற இயந்திரத்தில், நின்றவன். வேலை, விளையாட்டு என்று தனித்தனியாக வைத்துப் பேசுவது எனக்குப் பழக்கமில்லை, ஏனென்றால் என் வேலைக்குள்ளேயே விளையாட்டு இருந்தது. வேலை சுலபம் என்று அர்த்தமில்லை. ஒரு தண்டைக் கடைந்து கடைசி வெட்டுக்கு வரும்போது நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் கூடினாலும் குறைந்தாலும் துண்டு வீண். அந்த நேரத்தில் கண்ணைவிடக் காதுதான் வேலை செய்யும். வெட்டு சரியாக இருந்தால் ஒரே சீரான 'உஸ்' சத்தம், டூல் மழுங்கினாலோ பிடிமானம் தளர்ந்தாலோ படபடவென்று அதிரும், உலோகத்தின் மேல் அலை அலையாகக் கோடு விழும். எஃகிலிருந்து வருகிற சுருளின் நிறத்தைப் பார்த்தே வேகம் எப்படி, சூடு எப்படி என்று சொல்லிவிடலாம், வைக்கோல் நிறமாக இருந்தால் ஒரு கணக்கு, நீலமாக ஓடினால் வேறு கணக்கு. முடித்துவிட்டு மைக்ரோமீட்டரை மெதுவாகத் திருகி, அது 'டிக் டிக்' என்று நழுவும்போது அளவு சரியாக இருந்தால் வருகிற மகிழ்ச்சிக்கு யாரும் சம்பளம் கொடுத்ததில்லை.

ஷிப்ட் முடிந்த பிறகும் சிலர் நின்று துண்டு உலோகத்தில் பம்பரம், செஸ் காய் என்று கடைவோம். மேற்பார்வையாளர் பார்த்தும் பார்க்காத மாதிரி போய்விடுவார், ஏனென்றால் கைத்திறன் கூடுவதே அங்கேதான். வேலையில் புதிதாக ஒன்றை முயன்று பார்க்க முடியாது, துண்டு போனால் திட்டு விழும். விளையாட்டில் போனால் போகட்டும்.

அதனால் உங்களைக் கேட்கிறேன், உங்கள் கணக்கு வேலையில் அந்தக் கடைசி வெட்டு எங்கே இருக்கிறது? கட்டாயம் இருக்கும், தேடிப் பாருங்கள்.


கறுப்புக்குதிரை எழுதியது:

ஐயா எழுதியதைப் படித்ததும் எனக்கு நினைவுக்கு வந்தது மிஹாய் சிக்சென்ட்மிஹாய், ஜூடித் லெஃபெவ்ர் இருவரும் 1989-இல் வெளியிட்ட ஆய்வு. வேலை செய்பவர்கள் 78 பேரிடம் பேஜரைக் கொடுத்துவிட்டு, நாளில் எப்போதாவது அது அடிக்கும்போது இப்போது என்ன செய்கிறாய், அது எவ்வளவு கடினம், உனக்கு எவ்வளவு கைவருகிறது, மனநிலை எப்படி என்று எழுதச் சொன்னார்கள். செய்கிற காரியமும் சவாலாக இருந்து, கையில் திறனும் இருந்து, ஆள் அதில் மூழ்கிப்போகிற நிலை ஓய்வு நேரத்தைவிட வேலை நேரத்தில்தான் அதிகம் வந்திருந்தது. ஓய்வு நேரத்தில் பெரும்பாலும் மந்தம்தான். ஆனால் வேலையில் இருக்கும்போது கேட்டால் 'இதை விட்டுவிட்டு வேறு ஏதாவது செய்யலாம்' என்றுதான் எழுதினார்கள்! மனசு எங்கே நன்றாக இருக்கிறதோ அங்கிருந்து ஓடப் பார்க்கிறோம், எங்கே மந்தமாகக் கிடக்கிறோமோ அதை நோக்கி ஓடுகிறோம்.

எனக்குத் தோன்றும் காரணம் இது. வேலை என்றால் இலக்கு இருக்கிறது, விதி இருக்கிறது, சரியா தப்பா என்று உடனே தெரிகிறது. ஓய்வு நேரத்தில் இதை எல்லாம் நாமே உண்டாக்கிக்கொள்ள வேண்டும், அதற்குக் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். களைத்து வந்தவருக்கு அந்த முதல் மெனக்கெடல்தான் முடிவதில்லை, கைபேசியோ ஒன்றுமே கேட்காமல் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

ஆனால் இலக்கும் விதியும் வைத்தால் போதும் என்றும் சொல்ல முடியாது. நான் இணையத்தில் செஸ் ஆடுகிறவன். ரேட்டிங் எண் என்ற ஒன்று வந்துவிட்டால் ஆட்டம் வேலையாக மாறிவிடுகிறது. தோற்றால் இன்னும் ஒரு ஆட்டம், ஜெயித்தால் எண் இறங்குவதற்குள் நிறுத்திவிடலாம் என்ற நடுக்கம். காய் நகர்த்தலில் இருந்த அழகு கண்ணுக்கே படுவதில்லை. இப்போது நான் அதிகம் செய்வது புதிர் அமைப்பது: வெள்ளை ஆடி இரண்டே நகர்த்தலில் மாட் (எதிராளியின் ராஜா தப்ப வழியில்லாத நிலை) வரவேண்டும், அதற்கு ஒரே ஒரு முதல் நகர்த்தல்தான் இருக்கவேண்டும், பலகையில் வேலையில்லாத காய் ஒன்றுகூட நிற்கக் கூடாது. ஒரு சிப்பாயை ஒரு கட்டம் தள்ளி வைத்தால் வேறொரு இடத்தில் இரண்டாவது விடை முளைத்துவிடும், அதை அடைக்கப் போனால் உண்மையான விடை செத்துவிடும். இதற்கு எண் யாரும் போடுவதில்லை. நேரம் போவதே தெரியாது.


மூன்றாம்ஷிப்ட் எழுதியது:

செவிலியர் வேலை எனக்கு, இரவுப் பணி அதிகம் வரும். பிடிப்பு என்றால் வேலையில் வேண்டிய அளவுக்கு இருக்கிறது, அதில் சந்தேகமே இல்லை. என் பிரச்சினை நேர் எதிர். வேலை என்னை விட்டுப் போவதில்லை. வீட்டில் படுத்திருக்கும்போது மானிட்டர் சத்தம் காதில் கேட்கிறது, அந்த மருந்தைக் குறித்து வைத்தேனா என்று பாதித் தூக்கத்தில் எழுந்து உட்காருவேன்.

சபீன் சொன்னென்டாக் என்ற உளவியலாளர் வேலைக்குப் பிறகு மனிதர்கள் எப்படி மீண்டு வருகிறார்கள் என்பதைப் பல வருடமாக ஆராய்கிறவர். அவரும் சார்லட் ஃபிரிட்ஸும் 2007-இல் நான்கு விஷயங்களைப் பிரித்துக் காட்டினார்கள்: வேலையிலிருந்து மனசு விலகுவது, தளர்வாக இருப்பது, புதிதாக ஒன்றில் கை தேறுவது, என் நேரம் என் கையில் என்ற உணர்வு. நாம் ஓய்வு என்றால் இரண்டாவதை மட்டும்தான் நினைக்கிறோம், காலை நீட்டிப் படுப்பது. மூன்றாவது விஷயம் உழைப்பு கேட்கும், ஆனாலும் அது களைப்பைப் போக்குகிறது. நானே அனுபவிக்காமல் இருந்திருந்தால் இதை நம்பியிருக்க மாட்டேன்.

நான் பெரியவளான பிறகுதான் நீச்சல் கற்றுக்கொண்டேன். தண்ணீருக்குள் முகத்தை வைத்தால் வேறு எதையும் நினைக்க இடமில்லை. மூச்சைத் தண்ணீருக்குள்ளேயே விட்டு முடித்துவிட வேண்டும், அப்புறம் தலையைத் தூக்காமல் பக்கவாட்டில் திருப்ப வேண்டும், ஒரு காது தண்ணீரிலேயே இருக்க, வாயின் ஓரத்தால் காற்றை இழுத்துக்கொண்டு மறுபடி உள்ளே. கொஞ்சம் பயந்து தலையைத் தூக்கினாலும் இடுப்பு கீழே போய்விடும், இடுப்பு போனால் கால் போகும், அவ்வளவுதான். இந்தக் கணக்கு ஓடிக்கொண்டிருக்கும்போது வார்டு நினைவே வராது. எத்தனையோ நாள் 'மறந்துவிடு, நிம்மதியாக இரு' என்று எனக்கு நானே சொல்லி நடக்காதது அங்கே தானாக நடக்கிறது. இதனால் வேலையில் என் பிடிப்பு குறையவில்லை. மறுநாள் நோயாளியின் முகத்தைப் பார்த்துப் பேச எனக்குள் இடம் இருக்கிறது.


வரைகோடு எழுதியது:

"என் நேரம் என் கையில் என்ற உணர்வு": இதுதான் எனக்கு. நான்காவதைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை.


கறுப்புக்குதிரை எழுதியது:

இன்னொரு விஷயம், எனக்கு மிகப் பிடித்தது. இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபெய்ன்மன் போர்க்காலத்தில் அணுகுண்டுத் திட்டத்தில் வேலை பார்த்துவிட்டு கார்னெல் பல்கலைக்கழகத்துக்கு வந்தபோது சரக்கு தீர்ந்துபோன மாதிரி உணர்ந்திருக்கிறார், ஆராய்ச்சி என்று உட்கார்ந்தால் ஒன்றும் ஓடவில்லை. முன்பெல்லாம் முக்கியமா இல்லையா என்று பார்க்காமல் சும்மா விளையாட்டாகத்தானே செய்தோம், இனியும் அப்படியே செய்வோம் என்று முடிவெடுத்தார். ஒருநாள் உணவுக்கூடத்தில் யாரோ ஒருவர் தட்டைச் சுழற்றி மேலே எறிய, அது தள்ளாடிக்கொண்டே சுற்றியது. தட்டு சுற்றுகிற வேகத்துக்கும் தள்ளாடுகிற வேகத்துக்கும் என்ன உறவு என்று கணக்குப் போட ஆரம்பித்தார். சக பேராசிரியர் 'சுவாரசியம்தான், ஆனால் இதனால் என்ன பயன்' என்று கேட்க, 'ஒரு பயனும் இல்லை, வேடிக்கைக்காகத்தான்' என்று பதில். அங்கிருந்து எலக்ட்ரான் சுழற்சி, அங்கிருந்து விட்டுவைத்த பழைய ஆராய்ச்சி என்று போய், 1965-இல் நோபல் பரிசு பெற்ற வேலை வரைக்கும் அந்தத் தட்டிலிருந்துதான் வந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார்.


இருவேலை எழுதியது:

நல்ல கதை, எனக்கும் பிடித்தது. ஆனால் தட்டைப் பார்த்துக் கணக்குப் போட்டபோதும் அவருக்கு மாதச் சம்பளம் வந்துகொண்டிருந்தது. அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பொருளாதார அறிஞர் கெய்ன்ஸ் 1930-இல் எழுதினார், இன்னும் நூறு வருடத்தில் மனிதர்களுக்கு வாரம் 15 மணி நேரம் வேலை செய்தால் போதும், ஓய்வை எப்படி நிரப்புவது என்பதுதான் அப்போது பிரச்சினையாக இருக்கும் என்று. அவர் சொன்ன நூறு வருடம் கிட்டத்தட்ட வந்துவிட்டது, பதினைந்து மணி நேரம் எங்கே? உற்பத்தி பெருகியது, நேரம் பெருகவில்லை.

குறைக்க முடியாது என்றும் இல்லை. ஐஸ்லாந்தில் 2015 முதல் 2019 வரை சுமார் 2,500 பேருக்குச் சம்பளத்தைக் குறைக்காமல் வாரம் 40 மணியை 35, 36 ஆக்கிப் பார்த்தார்கள், வேலை கெடவில்லை. பிரான்சில் 2017 ஜனவரியிலிருந்து, வேலை நேரம் முடிந்த பிறகு மின்னஞ்சலுக்குப் பதில் சொல்லாமல் இருக்கும் உரிமை சட்டத்திலேயே இருக்கிறது. இதையெல்லாம் தனிமனிதரின் மன உறுதிக்கு விட்டுவிட முடியாது.

சரி, என் நாளில் விளையாட்டே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் பேருந்தில் நான் குறுக்கெழுத்துப் புதிர் அமைக்கிறேன். தீர்ப்பதில்லை, அமைக்கிறேன், கறுப்புக்குதிரை மாதிரி. தமிழில் இது எவ்வளவு கஷ்டம் என்று செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். ஒரு கட்டத்தில் 'கு' விழுந்தால் மேலிருந்து வரும் சொல்லுக்கும் அதே 'கு'தான் வேண்டும், 'க' வந்தாலும் ஆகாது, 'கூ' வந்தாலும் ஆகாது. புள்ளி எழுத்தில் சொல் தொடங்காது, அதனால் 'ம்' விழுந்த கட்டத்திலிருந்து புதிய சொல்லைக் கிளப்பவே முடியாது. நான்கு சொல் அழகாகப் பின்னிக்கொண்டு வந்து ஐந்தாவதில் எல்லாம் இடிந்துவிடும். இறங்க வேண்டிய நிறுத்தம் வந்தால் நோட்டை மூடிவிடுகிறேன். என் மூளை என்னுடையதாக இருப்பது அந்தப் பயணத்தில் மட்டும்தான்.


கடைசல்காரர் எழுதியது:

அம்மா, நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். ஐந்தாவது சொல்லில் இடிகிறது என்கிறீர்களே, அந்த இடிபாட்டில் கோபம் வராமல் மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறீர்கள் பாருங்கள், அதைத்தான் நான் விளையாட்டு என்பேன்.


மணல்வீடு எழுதியது:

எல்லோரும் எழுதியதற்கு நன்றி, ஆனால் நான் கொஞ்சம் முரண்படுகிறேன். செஸ் புதிரும் களிமண்ணும் நீச்சலும் மனசை நிறைக்கும், சரி. நிறைவதும் பிடிப்பும் ஒன்றா? நண்பர் கேட்டது 'இதெல்லாம் எதற்கு' என்று. அதற்கு ஒரு பொழுதுபோக்கு பதில் ஆகுமா?

விக்டர் பிராங்கல், நாஜி வதைமுகாம்களிலிருந்து உயிரோடு வந்த மனநல மருத்துவர், ஞாயிற்றுக்கிழமை நோய் என்றே ஒன்றைக் குறிப்பிட்டார். வாரம் முழுக்க ஓடிவிட்டு ஓட்டம் நின்றவுடன் உள்ளே இருக்கும் வெறுமை தெரிய ஆரம்பிக்கிற துயரம். நண்பருக்கு வந்திருப்பது அதுதான் என்று நினைக்கிறேன். வாழ்க்கைக்கு அர்த்தம் வரும் வழி மூன்று என்று பிராங்கல் சொன்னார்: ஒன்றை உருவாக்குவது அல்லது ஒரு காரியத்தைச் செய்வது, ஒன்றை அனுபவிப்பது அல்லது ஒருவரை நேசிப்பது, தவிர்க்கவே முடியாத துன்பத்தை எதிர்கொள்ளும் விதம். மூன்றிலுமே நமக்கு வெளியே ஒன்று இருக்கிறது. ஒரு மனிதர், ஒரு காரியம், ஒரு பொறுப்பு.

நான் சின்னக் குழந்தைகளுக்குப் பாடம் எடுப்பவன். அவர்கள் மணலில் வீடு கட்டும்போது பாருங்கள், தனியாகக் கட்டுகிற குழந்தை சீக்கிரம் எழுந்துபோய்விடும். பக்கத்தில் இன்னொரு குழந்தை வந்து 'இங்கே ஒரு கதவு வை' என்று சொன்னால் போதும், மணி அடித்தாலும் கிளம்பாது. நண்பரே, உங்கள் மாலை நேரத்தில் உங்களிடம் 'இங்கே ஒரு கதவு வை' என்று சொல்ல யார் இருக்கிறார்கள்?


வரைகோடு எழுதியது:

மணல்வீடு, பாதி ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விளையாட்டுக்குள்ளே அர்த்தத்தைத் தேட ஆரம்பித்தால் அதுவும் எனக்கு அந்தச் சான்றிதழ் மாதிரிதான். 'இதைச் செய்தால் பிடிப்பு கிடைக்கும்' என்று சொல்லிக்கொண்டு களிமண்ணைத் தொட்டால் களிமண் செத்துப்போகும். பிடிப்பு கிடைக்கும் என்றால் கிடைக்கட்டும், எதிர்பாராமல் கிடைக்கட்டும். அதற்காகத் தொடாதீர்கள் என்பதுதான் என் கட்சி. இதில் நான் இறங்கி வரமாட்டேன்.


மூன்றாம்ஷிப்ட் எழுதியது:

எனக்கு மணல்வீடு சொன்னதும் சரி, வரைகோடு சொன்னதும் சரி. வேலையில் பிடிப்பு நிறைய இருப்பவர்களுக்கு விளையாட்டு எதற்கும் ஆகாததாக இருந்தால்தான் நல்லது. என் வேலையில் ஒவ்வொரு அசைவும் யாரோ ஒருவரின் உயிருக்காக, அதனால் யாருக்காகவும் இல்லாத ஒரு மணி நேரம் எனக்கு மருந்து. பிடிப்பு இல்லாத வேலையில் இருப்பவருக்கு அதே ஒரு மணி நேரம் போதாமல் போகலாம், அவருக்கு நாலு பேரோடு சேர்ந்து செய்வது ஏதாவது வேண்டியிருக்கும். ஆளுக்கு ஆள் விகிதம் மாறும், ஒரே அளவு சட்டையை எல்லோருக்கும் மாட்ட வேண்டாம்.


இரவல்நேரம் எழுதியது:

இத்தனை பேர் இவ்வளவு எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. ஐயா கேட்ட கேள்வி, கடைசி வெட்டு எங்கே என்று, அதைத்தான் சில நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன்.

இருக்கிறது. மாதக் கடைசியில் இரண்டு பக்கமும் ஒத்துப்போகாமல் ஒரு சின்ன வித்தியாசம் நிற்கும். பெரிய வித்தியாசம் என்றால் எதையோ பதிவு செய்யவே இல்லை என்று அர்த்தம், அதில் சுவாரசியம் இல்லை. சின்ன வித்தியாசம்தான் வேட்டை. முதலில் அதை ஒன்பதால் வகுத்துப் பார்ப்பேன். மீதியில்லாமல் வகுபட்டால் எங்கோ இரண்டு இலக்கம் இடம் மாறியிருக்க வாய்ப்பு அதிகம், 54 என்பதை 45 என்று தட்டியிருப்பார்கள், இல்லாவிட்டால் ஒரு சுழியம் கூடவோ குறையவோ விழுந்திருக்கும். வகுபடாவிட்டால் பாதியாக்கிப் பார்ப்பேன், அந்தப் பாதித் தொகை எங்காவது இருந்தால் பற்றில் போட வேண்டியதை வரவில் போட்டிருப்பார்கள். அதற்கும் மசியாவிட்டால் தேதி வாரியாகப் பாதி பாதியாகக் குறுக்கிக்கொண்டே போவேன். கடைசியில் ஒரே ஒரு வரியில் அது மாட்டும்போது வருகிற சந்தோஷத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை, சொல்லத் தகுந்த விஷயம் என்றும் தோன்றியதில்லை. பக்கத்து மேசைக்காரர்கள் இந்த வேலையைக் கண்டாலே ஓடுவார்கள், அதனால் எல்லாம் என்னிடம் வந்து சேரும். அதைச் சுமை என்றுதான் இத்தனை நாள் பேசி வந்தேன், ஏனென்றால் எல்லோரும் அப்படித்தான் பேசினார்கள். அந்தப் பேஜர் ஆய்வில் 'வேறு ஏதாவது செய்யலாம்' என்று எழுதினார்களே, அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவன்.

மணல்வீடு கேட்டதற்கும் பதில் இதிலேயே கிடைக்கும் போல. புதிதாகச் சேர்ந்த இரண்டு பேர் இந்த வித்தியாசத்தைப் பார்த்தாலே பயப்படுகிறார்கள். அவர்களை உட்கார வைத்து, ஒன்பதால் வகுப்பதிலிருந்து தொடங்கி, ஒரு வேட்டையைக் கூடவே இருந்து பார்க்க வைக்கலாம் என்று மேலதிகாரியிடம் கேட்டேன். 'தாராளமாக' என்றார்.

மாலை நேரம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. அதற்கு நீச்சல் பிடித்திருக்கிறது. ஆனால் எனக்குத் தண்ணீர் என்றால் கொஞ்சம் பயம், வயதும் நாற்பதைத் தாண்டிவிட்டது. முடியுமா?


கடைசல்காரர் எழுதியது:

ஒன்பதால் வகுக்கும் விஷயம் எனக்குத் தெரியாது, தம்பி. பிரமாதம். கற்றுக்கொடுக்கும்போது விடையை முதலிலேயே சொல்லிவிடாதீர்கள். எனக்குக் கற்றுக்கொடுத்தவர் கை என் கைமேல் இருக்காது, சத்தம் மாறும்போது மட்டும் 'கேட்டதா?' என்று கேட்பார்.


கறுப்புக்குதிரை எழுதியது:

இது தொடர்பாக ஒன்று சேர்த்துவிடுகிறேன். ஏமி ரெஸ்னெவ்ஸ்கியும் ஜேன் டட்டனும் 2001-இல் எழுதிய கட்டுரையில் மருத்துவமனைத் துப்புரவுப் பணியாளர்களைப் பற்றி வருகிறது. வேலை ஒன்றுதான், சிலர் அறையைத் துடைப்பது மட்டும் தங்கள் வேலை என்று இருந்தார்கள், சிலர் நோயாளிகளோடும் பார்க்க வருபவர்களோடும் பேசுவது, செவிலியர்களின் வேலை தடையில்லாமல் ஓடுகிற மாதிரித் தங்கள் வேலையை நேரம் பார்த்துச் செய்வது என்று அதை விரித்துக்கொண்டார்கள். இரண்டாவது வகையினர் தங்கள் வேலையைத் திறமையும் பொருளும் உள்ளதாகப் பார்த்தார்கள். நீங்கள் இப்போது கேட்டு வாங்கியிருப்பதும் அந்த வகைதான்.


இருவேலை எழுதியது:

அதே துப்புரவுப் பணியாளருக்கு நல்ல சம்பளமும் உட்கார ஓர் அறையும் கிடைக்கவேண்டும். அர்த்தம் கண்டுபிடித்துவிட்டார் என்பதற்காக அதைக் குறைத்துவிடக் கூடாது. இதை ஒவ்வொரு முறையும் சொல்லிக்கொண்டேதான் இருப்பேன்.

இரவல்நேரம், உங்கள் வேட்டை என் புதிரோடு ஒத்துப்போகிறது, படித்து மகிழ்ந்தேன்.


மூன்றாம்ஷிப்ட் எழுதியது:

நாற்பது ஒரு வயதே இல்லை, என் வகுப்பில் ஐயாவின் வயதில்கூட ஆட்கள் இருந்தார்கள். பெரியவர்களுக்குத் தனி வகுப்பு, பயிற்சியாளர் உள்ள இடமாகப் பார்த்துச் சேருங்கள், தனியாக இறங்க வேண்டாம். முதலில் கை காலை அடிக்கப் பழக வேண்டாம். ஆழமில்லாத பக்கம் சுவரைப் பிடித்துக்கொண்டு முகத்தை உள்ளே வைத்து மூக்கால் மெதுவாகக் குமிழி விடுங்கள், அது மட்டும். பயம் எல்லாம் மூச்சை அடக்கி வைப்பதில்தான் இருக்கிறது, வெளியே விட ஆரம்பித்தால் உடம்பு தானாகத் தளரும். அது பழகிய பிறகு குப்புற மிதப்பது, அப்புறம் சுவரை உதைத்துக்கொண்டு சறுக்குவது, கை காலெல்லாம் அதற்கு அப்புறம். பக்கத்தில் வேகமாக நீந்துகிறவர்களைப் பார்த்து அளந்துகொள்ளாதீர்கள், கைக்கடிகாரத்தையும் கழற்றி வைத்துவிடுங்கள். நீர்க்கண்ணாடி மட்டும் முகத்துக்குப் பொருந்துகிறதா என்று வாங்கும்போதே வைத்துப் பாருங்கள், பட்டையை மாட்டாமல் வைத்து அழுத்தினால் இரண்டு நொடியாவது ஒட்டி நிற்கவேண்டும்.